திருத்திய தாளை எடுத்து வா

போன வருஷம் இடைநிலைப்பள்ளி படிவம் நான்கு அரையாண்டுத் தேர்வில் அண்ணன் மகனுக்கு ஆட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) 23, கெமிஸ்ட்ரி 38, வரலாறு 44. மலாயும் ஆங்கிலமும் அறுபதைத் தாண்டியிருந்தன, தமிழ் 78. அண்ணன் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை முடிந்து, பாலம் தாண்டி பினாங்குத் தீவில் இருக்கும் ஆயர் ஈத்தாம் வந்து சேர இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். அன்றைக்கு வந்ததும் வராததுமாக மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். அதே அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே நானும் அம்மாவும் இருக்கிறோம்.

"இன்னும் ரெண்டு டியூஷன் சேத்து விட்டுடலாமா?" என்று கேட்டார்.

பையன் அப்போதே நான்கு பாடத்துக்கு டியூஷன் போய்க்கொண்டிருந்தான். நான் உடனே பதில் சொல்லவில்லை. "அவனோட திருத்துன பேப்பரெல்லாம் எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அண்ணனுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், பாதி பைக்குள் கசங்கிக் கிடக்கிறது, மீதி பள்ளியில் மேசைக்கு அடியில். "அதையெல்லாம் யாரும் கேட்டதில்ல அத்தை, மார்க்கத்தான் கேப்பாங்க" என்றான்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ரிஜெக்ட் கூடினால் லைனை இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்து ஓட்டுங்கள் என்று எங்கள் மேனேஜர் சொல்ல மாட்டார். ரிஜெக்ட் ஆனதை மேசையில் கொட்டி, எது எதனால் போனது என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் கோடு போட்டு எண்ணுவோம். பெரும்பாலும் இரண்டு வகையில்தான் முக்கால்வாசிக் கோடு விழுந்திருக்கும். அதை மட்டும் முதலில் சரிசெய்வோம். டியூஷன் சேர்ப்பது லைனைக் கூட ஓட்டுவதுபோல்தான் எனக்குப் பட்டது.

ஆகவே அடுத்த சனிக்கிழமை எல்லாத் தாளும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அவனையே பேனாவைப் பிடிக்கச் சொன்னேன். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு கோடு. நான்கு கட்டம்: சுத்தமாகத் தெரியாது; தெரியும், ஆனால் கணக்கில் தவறு; கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை; எழுதவே இல்லை. முதல் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கோடு விழ விழ அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஆட் மேத்ஸில் போன மதிப்பெண்ணில் பெரும்பகுதி "எழுதவே இல்லை" கட்டத்தில் போய் உட்கார்ந்தது. தப்பாகச் செய்து போனது கொஞ்சம்தான். பயந்து தாண்டிப்போனதுதான் மிச்சம். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், கணிதத்தில் விடை தப்பானாலும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு. பாதி வரை சரியாகப் போயிருந்தால் கொஞ்சமாவது கிடைக்கும். வெற்றுக் காகிதத்துக்கு எந்த ஆசிரியராலும் எதுவும் போட முடியாது.

ஏன் தாண்டினான் என்று தோண்டினால் இன்னொன்று வெளியே வந்தது. கேள்வி படிவம் நான்கு, சிக்கல் படிவம் நான்கு அல்ல. இருபடிச் சார்பில் இரண்டாவது வரியிலேயே காரணிப்படுத்த வேண்டியிருக்கும், அங்கேயே நின்றுவிடுகிறான். பெற்றோர் சந்திப்பு நாளில் ஆட் மேத்ஸ் ஆசிரியரிடம் "பையன் எப்படி?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் இவன் கை நிற்கிறது?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "படிவம் இரண்டு. காரணிப்படுத்தலும் இயற்கணிதப் பின்னமும்" என்றார். 'எப்படி' என்று கேட்டிருந்தால், நல்ல பையன், இன்னும் கொஞ்சம் முயற்சி வேண்டும் என்ற வழக்கமான பதில்தான் கிடைத்திருக்கும்.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் இந்த ஓட்டை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 2009இல் பிறந்தவர்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஐந்தாம் ஆண்டு. பின்னம், தசமம், விழுக்காடு இறுகும் இரண்டு வருஷத்தில் பெரும்பகுதியை அம்மாவின் கைப்பேசியில் படித்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு கைப்பேசிக்கு இரண்டு பிள்ளைகள். அதற்குமேல் 2021இல் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது, 2022இல் படிவம் மூன்றில் எழுதும் பி.டி.3யும் போனது. அந்தத் தேர்வுகள் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவன் வாழ்க்கையில் எழுதப் போகும் முதல் தேசியத் தேர்வே எஸ்.பி.எம்.தான். எங்கே ஓட்டை என்று அதுவரை வெளியிலிருந்து யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் படிவம் இரண்டு பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கினோம். கடையில் அவன் என்னைவிட்டு இரண்டு வரிசை தள்ளி நின்றுகொண்டான். பதினாறு வயதுப் பையன் படிவம் இரண்டு புத்தகத்தோடு லிஃப்டில் ஏறுவதா? பழைய தமிழ் நாளிதழைக் கிழித்து அட்டை போட்டுக் கொடுத்தேன், சரி என்று எடுத்துக்கொண்டான். தினமும் காரணிப்படுத்தல் பத்துக் கணக்கு, அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கு அது மறந்து பல வருஷம் ஆகிறது. பின்னால் இருக்கும் விடையைப் பார்த்து அவனே திருத்துவான், தப்பானதற்குக் கோடு போடுவான். ஒரு மாதத்துக்குள் கழித்தல் குறியில் விழும் கோடு மட்டும்தான் மிஞ்சியது. அது இன்றைக்கும் விழுகிறது.

உண்மையில் என்னைப் பயமுறுத்தியது ஆட் மேத்ஸ் அல்ல, வரலாற்றில் வாங்கிய 44. ஆட் மேத்ஸ் போனால் சில படிப்புகளின் கதவு மூடும். செஜாரா, அதாவது வரலாறு, போனால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013லிருந்து மலாய்மொழியோடு வரலாறும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். நாற்பதுக்குக் கீழே தோல்வி என்று பள்ளியில் வைத்திருக்கும் அளவிலிருந்து 44 என்பது நான்கு மதிப்பெண் தூரம்தான். அண்ணன் 23ஐப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார், 44ஐ அவர் கண்டுகொள்ளவே இல்லை. நம் வீடுகளில் இது வழக்கம்தான். கணக்கும் அறிவியலும் படிப்பு, மற்றதெல்லாம் மனப்பாடம்.

அந்த மனப்பாடமும் நடக்கவில்லை. "படிச்சேன் அத்தை. மூணு தடவ படிச்சேன். எல்லாம் தெரியும்" என்பான். புத்தகத்தை மூடிவிட்டு, மலாயன் யூனியனை ஏன் எதிர்த்தார்கள், நான்கு காரணம் எழுது என்றால் ஒன்றரைக் காரணம் வரும். பொய் சொல்கிறான் என்று அண்ணி நினைத்தார். பொய் இல்லை. கண்ணுக்குப் பழகிய பக்கம் மனசுக்கும் தெரிந்ததுபோல் இருக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் மேல். தேர்வு ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே. இதை அவனிடம் சொன்னபோது நம்பவில்லை. சரி, நீயே செய்து பார் என்று ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும், இன்னொரு பாடத்தை மூடி எழுதியும் படிக்கவைத்து, அடுத்த வாரம் இரண்டிலும் கேள்வி கேட்டேன். அதற்குப் பிறகு நான் வாதாட வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் மார்க்கரில் பக்கம் முழுக்கக் கோடு இழுக்கும் பழக்கமும் தானாகக் குறைந்தது.

ஆனால் புத்தகத்தைத் திறக்க வைத்தது ஆய்வு இல்லை, எங்கள் அம்மா. மூன்றாவது பாடம் ஜப்பானியர் ஆட்சி. பினாங்கு 1941 டிசம்பரில் விழுந்தது, அதற்குச் சில நாள் முன்னால் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டார்கள் என்பதெல்லாம் அவனுக்கு வெறும் எழுத்து. ஒரு நாள் மேசையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிவி முன்னால் இருந்த அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "உங்க கொள்ளுத்தாத்தா அண்ணன் சயாமுக்குப் போனாரு. கெடா தோட்டத்துலேருந்து பிடிச்சிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல" என்றார். பையன் நிமிர்ந்தான். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942க்கும் 1943க்கும் இடையில் போட்டது, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனது, காலராவில் செத்தது என்று அன்றிரவு அவனே தேடிப் படித்துக்கொண்டிருந்தான். மரவள்ளிக்கிழங்கு தின்ற கதை, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக் கதை என்று பாட்டியும் விடவில்லை.

இதனால் மதிப்பெண் கூடிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. அந்த வாரத் தேர்வில் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைப் பற்றி உணர்ச்சியோடு முக்கால் பக்கம் எழுதிவிட்டு வந்தான். மதிப்பெண்ணுக்கு உரிய கருத்து அதில் இரண்டுதான் இருந்தது. ஒரு கருத்துக்கு ஒரு மதிப்பெண், பாடநூலில் உள்ள கருத்து வேண்டும், நீளத்துக்கு எதுவும் கிடையாது. இதைத் திருத்திய தாளைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொண்டான். ஆனாலும் ஒரு பாடத்தை வெறுக்காத பையனிடம் கருத்தாக எழுது என்று சொல்வது சுலபம், வெறுக்கிற பையனிடம் அது நடக்காது.

டியூஷன் விஷயத்தில்தான் வீட்டில் பெரிய சண்டை. பள்ளி முடிந்து இரண்டு மணிக்குமேல் வருவான், புறப்பாட நாளில் நான்கு. சாப்பிட்டதும் டியூஷன், இரவு இன்னொரு டியூஷன். உட்கார்ந்து தானாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க அவனுக்கு நேரமே இல்லை. ஒருவர் போர்டில் போடுவதை இரண்டாம் முறை பார்ப்பது படிப்பு ஆகாது. ஆட் மேத்ஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நிறுத்தலாம் என்றேன். அண்ணிக்குக் கோபம். "எல்லார் பிள்ளையும் போவுது, நம்ம பையன் மட்டும் வீட்டுல ஒக்காந்திருக்கணுமா?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. டியூஷனுக்குப் பணம் கட்டினால் பெற்றோராக ஏதோ செய்தோம் என்ற நிம்மதியாவது இருக்கும். மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் நானே பணம் கட்டிச் சேர்க்கிறேன் என்று பேசி முடித்தேன்.

மிச்சமான நேரம் படிப்புக்குப் போனதைவிடத் தூக்கத்துக்குத்தான் அதிகம் போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பள்ளி வேன் ஆறு இருபதுக்கு வருகிறது. பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். இருட்டில் ஏறுகிற பிள்ளை முந்தின இரவு பன்னிரண்டரைக்குப் படுத்திருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13லிருந்து 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதுவும் அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. இது சோம்பேறித்தனம் இல்லை. நைட் ஷிஃப்ட் பார்க்கிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது இரவில் நல்ல பொருளையே ரிஜெக்ட் பெட்டியில் போட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசிக்குப் புது சட்டம் எதுவும் போடவில்லை. மேசைக்கு வரும்போது பாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும், பத்து மணிக்குப் பாட்டி திருப்பிக் கொடுப்பார். அப்பாவிடமோ என்னிடமோ கொடுத்தால் அது தண்டனை ஆகிவிடும், நடுவில் கேட்டுச் சண்டை போடலாம். பாட்டியிடம் யார் சண்டை போடுவது? அதோடு அவனுக்கு வரும் வாட்ஸ்அப் சத்தத்துக்கெல்லாம் அம்மா, "யாரோ கூப்புடுறாங்க பாரு" என்று ஆரம்பித்துவிடுவார் என்பதால் அவனே அமைதியாக்கிக் கொடுக்கப் பழகிவிட்டான். டெலிகிராமில் மாநிலவாரியாக வரும் பழைய பெர்ச்சுபாஆன் (முன்னோட்டத் தேர்வு) தாள்களைச் சேர்த்து வைப்பதும் இவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நூறு கோப்பு இருக்கும், ஒன்றும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, முழுதாக எழுதி, திருத்தி, கோடு போடு என்றேன். வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்றால் கிரீன் லேன் டிஜிட்டல் நூலகத்துக்குப் போய்விடுகிறான். அங்கே ஏர்கண்ட் இருக்கிறது, தன் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், படிப்பதற்குப் போகிறானா பார்ப்பதற்குப் போகிறானா என்று நான் துருவுவதில்லை. தாளில் கோடு இருந்தால் போதும்.

நடுவில் தமிழை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. உறவினர் ஒருவர் கிளப்பியது. பள்ளி நேரத்துக்கு அப்பாற்பட்ட வகுப்பு, எதற்குக் கூடுதல் சுமை என்றார். எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) இடம் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து அதே உறவினர் வாட்ஸ்அப்பில் பத்து, பத்து என்று போட்டுக்கொண்டிருந்தார். தமிழை விட்டால் இவனுக்கு மிஞ்சுவது ஒன்பது பாடம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இவன் பத்து ஏ எடுக்கப் போகிற பையன் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் பையன் நம்பிக்கையோடு உட்காரும் ஒரே தேர்வு தமிழ்தான். அதைப் பிடுங்கிவிட்டு எதை வைத்து அவனை உற்சாகப்படுத்துவது? தவிர, பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்று கல்விச் சட்டத்தில் இடம் வாங்கி வைத்திருக்கிறோம். ஆள் குறைந்தால் அந்த வகுப்பும் போய்விடும்.

அண்ணனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். பெரியப்பா மகன் 9 ஏ எடுத்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள். முழுக்க நிறுத்த முடியவில்லை, பாவம், வாய் வந்துவிடுகிறது. ஆனால் இப்போது அதற்குப் பதிலாக "இந்த வாரம் எந்தக் கட்டத்துல கோடு ஜாஸ்தி?" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். லோரி ஓட்டுபவருக்கு ஆட் மேத்ஸ் தெரிய வேண்டியதில்லை, இந்தக் கேள்வி தெரிந்தால் போதும். பையனும் இதற்கு நேராகப் பதில் சொல்கிறான். "ஏன் 23?" என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

ஆண்டிறுதியில் வரலாறு 63, ஆட் மேத்ஸ் 46. அண்ணனுக்கு 46 போதவில்லை, எனக்குப் போதும். அந்தத் தாளில் வெற்றிடமாக விட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். டியூஷன் பேச்சை அண்ணி பிறகு எடுக்கவில்லை. மலாய் கொஞ்சம் இறங்கியது, கட்டுரைக்கு நேரம் போதாமல்.

இப்போது படிவம் ஐந்து. கெமிஸ்ட்ரி இன்னும் நாற்பதுகளிலேயே நிற்கிறது, கோடெல்லாம் முதல் கட்டத்தில், சுத்தமாகத் தெரியாது என்பதில். இதற்குப் பாட்டியும் உதவ முடியாது, நானும் உதவ முடியாது. எங்கள் பிரிவில் ஒரு மலாய்க்காரப் பொறியாளர், கெமிஸ்ட்ரி படித்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மோல் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பணம் வேண்டாம் என்றுவிட்டார். ஹரி ராயா பெருநாளுக்கு அம்மா கையால் இரண்டு டின் முறுக்கு வேண்டுமாம், அதில் ஒன்று காரமாக.